ஹபீபா மாமியின் இரண்டு வாளி

என் மாமியார் ஹபீபாவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள். லப்பைக்குடிக்காட்டில் பெண் மய்யித்து என்றால், அடக்கத்துக்கு முன்னால் அந்த உடலைக் குளிப்பாட்ட ஹபீபா வர வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். சோற்றில் கை வைத்திருக்கும்போது ஆள் வந்து வாசலில் நிற்பார்கள். கையைக் கழுவிவிட்டு, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிடுவார். காசு வாங்க மாட்டார், அந்த வீட்டில் ஒரு டீ கூடக் குடிக்க மாட்டார். குளிப்பாட்டும் இடத்தில் கண்ணில் பட்டதை வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நான் வாழ வந்த பதினோரு வருஷத்தில் எவ்வளவோ கிண்டிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் பெயரவில்லை.

அவர் தான் குளிப்பதும் அதே கண்டிப்போடுதான். காலையில் இரண்டு வாளி, ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பச்சைத் தண்ணீர். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டால் ‘டக்’ என்று அடுப்படி வரை கேட்கும். பிறகு வலது தோளில், இடது தோளில், தலையில் என்று வரிசையாக மக்குத் தண்ணீர் விழும் சத்தம். அரிசி களைந்துகொண்டே நான் கணக்குச் சொல்லிவிடுவேன், இன்னும் எத்தனை மக்கு பாக்கி, எப்போது வெளியே வருவார் என்று. மாமனார் காதர் பாட்சா இறந்தபோது என் கணவர் உபைதுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து தையல் மிஷினை மிதித்தே பிள்ளையை ஆளாக்கியவர் மாமி. இந்த ஐம்பத்தொன்பது வயது வரைக்கும், முதுகு தேய்த்துவிடு என்று ஒருவரையும் கூப்பிட்டதில்லை.

போன மழைக்காலத்தில் கொல்லைப்புறக் குளியலறையில் சோப்புத் துண்டை மிதித்து விழுந்தார். வலது தொடை எலும்பு போய்விட்டது. திருச்சியில் வைத்துக் கம்பி போட்டார்கள். மூன்று மாதம் கழித்துக் கைத்தடியோடு நடக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் தரையில் உட்காரக் கூடாது, குனிந்து எதையும் எடுக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். அங்கேதான் பிடித்தது வில்லங்கம். தரையில் இருக்கும் வாளியில் தண்ணீர் மொள்ள வேண்டுமென்றால் குனியத்தானே வேண்டும்? ஆகவே மாமியைக் குளிப்பாட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

எனக்கு ஒன்றும் பொறுமை கொட்டிக் கிடக்கவில்லை. ஏழே முக்காலுக்கு மகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்ற வேண்டும். அதற்குள் பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் சேரில் சுவரைப் பார்த்தபடி மாமி உட்கார்ந்திருப்பார். அந்தப் பத்து நிமிஷமும் வாயைத் திறக்க மாட்டார். சோப்பு கண்ணில் போனாலும் சொல்ல மாட்டார். தண்ணீர் சூடு போதுமா என்று நான் மூன்று தடவை கேட்டால் ஒரு தடவை தலையை ஆட்டுவார். கல்லுக்கு அபிஷேகம் செய்வதுபோல இருக்கிறது என்று ஒருநாள் என் அம்மாவிடம் போனில் சொல்லி அழுதேன். மாமி பேசியது ஒரே ஒரு நாள்தான், அதுவும் சுவரைப் பார்த்தே.

“ஃபர்ஹா, நானா குளிக்கிறதுக்கு இன்னும் எத்தன நாளாவும்?”

டாக்டரைத்தான் கேட்க வேண்டும் என்று எரிச்சலாகச் சொல்லிவிட்டுத் தலையில் தண்ணீரை ஊற்றினேன். அவருக்கு வேண்டியிருந்தது தானாகக் குளிப்பது ஒன்றுதான். எங்களுக்கு அது மண்டையில் ஏறவில்லை.

உபைது குவைத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் பைப்பு வேலை பார்க்கிறார். அறைக்கு அறை பெரிய பெரிய குளியல் டப்பு, அதை மாற்றுவதும் அடைப்பு எடுப்பதும்தான் அவர் பிழைப்பு. விஷயத்தைக் கேட்டதும் அங்கிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார். புதுக் குளியலறை, அம்மா படுக்கும் அறையோடு சேர்த்து, உள்ளே டப்பு.

“இங்க வயசானவங்க எல்லாம் டப்புலதான் குளிக்கிறாங்க. வெந்நீர்ல அரை மணி நேரம் கெடந்தா வலி பூரா எறங்கிடும். எங்கம்மாவுக்கு நான் செய்யாம வேற யாரு செய்வா?”

நான் ஷவர் கட்சி. டப்பு என்றால் அவரவர் அழுக்கிலேயே அவரவர் ஊற வேண்டும், அழுக்கு எங்கே போகும்? ஷவர் என்றால் சேரில் உட்கார்ந்தபடியே குளித்துவிடலாம், ஓடுகிற தண்ணீர், தோலுக்கும் நல்லது என்று போனில் படித்ததையெல்லாம் அவருக்கு அனுப்பினேன். அவர் டப்பைப் பற்றிப் படித்ததையெல்லாம் எனக்கு அனுப்பினார். புருஷனும் பெண்டாட்டியும் கடல் கடந்து இதற்காகப் பதினோரு நாள் சண்டை போட்டோம். மாமி பக்கத்தில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார்.

பெரம்பலூரிலிருந்து பிளம்பர் குழந்தைவேல் வந்தார். அவருக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. இந்தப் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், ஷவர் ஓட்டையெல்லாம் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும் என்றார். டப்பை நிரப்பினால் மாடித் தொட்டி பாதி காலி, குழாயில் தண்ணீர் வருவதோ ஒருநாள் விட்டு ஒருநாள் என்றார். சுவரை அளந்துகொண்டே கேட்டார், “குளிக்கப்போறது யாரும்மா?”

மாமியைக் காட்டினேன்.

“அவங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?”

அவருக்கு என்ன வேண்டுமென்று எங்களுக்குத் தெரியும் என்று வெடுக்கென்று சொன்னேன். குழந்தைவேல் மறுபடி சுவரை அளக்கப் போய்விட்டார். சண்டை முடியாததால் இரண்டையும் வைத்தோம். ஒரு சுவரில் ஷவர், இன்னொரு சுவரோரம் டப்பு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. கம்பி மட்டும் குழந்தைவேல் தானாகவே பொருத்தியது.

டப்பு மினி லாரியில் வந்து இறங்கியபோது தெருவே வந்து பார்த்தது. மாட்டுத் தொட்டியா, மாடு வாங்கப் போகிறீர்களா என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். மாமி மட்டும் நிலைப்படியில் நின்று அதன் நீளத்தையும் அகலத்தையும் கண்ணால் அளந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

முதலில் என் ஷவர்தான் மானத்தை வாங்கியது. மாடித் தொட்டி அவ்வளவு உயரமில்லாததால் தண்ணீர் பயந்து பயந்து வந்தது. திருகும் குழாய் நின்றால் எட்டும் உயரத்தில் இருந்தது, சேரில் உட்கார்ந்தால் எட்டவில்லை. ஆகவே சூடு கூட்டவும் குறைக்கவும் நான் பக்கத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று. மூன்றாவது வாரம் ஓட்டைகளில் வெள்ளையாகப் படிந்து, தண்ணீர் மாமியை விட்டுவிட்டுச் சுவரைக் குளிப்பாட்டியது. நான் ஊக்கை எடுத்து ஓட்டை ஓட்டையாகக் குத்திக்கொண்டிருந்தேன். தலையில் விழுகிற தண்ணீருக்கு ஒரு கனம் வேண்டும், இது தூறல் என்றார் மாமி. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அப்புறம் டப்பின் முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உபைது காலையிலேயே போன் செய்து, எப்படி இறக்க வேண்டும், எவ்வளவு சூடு இருக்க வேண்டும் என்று பாடம் நடத்தினார். ஹோட்டலில் வாசனை எண்ணெயெல்லாம் விடுவார்களாம், நீயும் வலிக்கு ஏதாவது கலந்துவிடு என்றார். அலமாரியில் கற்பூரத் தைலம் இருந்தது. மூட்டு வலிக்கு நாங்கள் எப்போதும் தேய்ப்பதுதான். அரைப் புட்டியை வெந்நீரில் கவிழ்த்தேன். மாமியை விளிம்பில் உட்காரவைத்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளே விட்டு, தலைக்கு என் கையைக் கொடுத்து மெல்லப் படுக்கவைத்தேன். அவர் கூசுவார் என்று மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தினேன். வலது தோளிலிருந்து ஆரம்பித்து மக்கால் ஊற்றினேன். அவர் குளிக்கும் சத்தம் கேட்டுப் பழகிய வரிசைதான்.

மாமி கண்ணைத் திறந்தார். மூக்கு விடைத்தது. துணியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

“ஃபர்ஹா. நான் இன்னும் மய்யித்தாவல.”

என் கையிலிருந்த மக்கு தண்ணீரில் விழுந்துவிட்டது. மய்யித்தை நீட்டிப் படுக்கவைத்து, துணி போர்த்தி, வலப்பக்கம் தொடங்கிக் குளிப்பாட்டிவிட்டு, கடைசித் தண்ணீரில்தான் கற்பூரம் கலப்பார்கள். இருபத்திரண்டு வருஷம் அந்த வாசனையோடு வீட்டுக்கு வந்தவரை, அதே மாதிரி கிடத்தி, அதே தண்ணீரை அவர் மேலேயே ஊற்றியிருக்கிறேன். ஒரு முட்டாள் செய்கிற காரியமா இது? முட்டாள்கூட மோந்து பார்த்திருப்பான்.

உள்ளே இறக்கியது ஐந்து நிமிஷம், வெளியே எடுத்தது முக்கால் மணி நேரம். தண்ணீரை வடித்துவிட்டால் தைலத்தில் உடம்பு வழுக்குகிறது, பிடிமானம் இல்லை. பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடுகிறேன் என்றால் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூடாது என்று தலையாட்டினார். கம்பியைப் பிடித்து, என் கழுத்தைப் பிடித்து, ஒரு வழியாக வெளியே வந்தார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அதற்கப்புறம் மாமி குளிக்க மறுத்துவிட்டார். தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்வார், சேரில் உட்கார்ந்து தொழுவார், உடை மாற்றுவார், அவ்வளவுதான். திங்கள், செவ்வாய், புதன் போயிற்று. மார்கழிக் குளிர் இல்லை, பெரம்பலூர் வெயில். கெஞ்சினேன், கோபித்தேன், ஈரத் துணியாலாவது துடைக்கிறேன் என்றேன். “மய்யித்தத்தான் அடுத்தவங்க குளிப்பாட்டுவாங்க” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். உபைது போனில் என்மேல் பாய்ந்தார், ஒரு டப்பில் குளிக்கவைக்கத் தெரியாதா என்று. நீங்களே வந்து குளிக்கவையுங்கள் என்று போனை வைத்தேன். கட்டியவரும் அவரைப் பெற்றவரும் சேர்ந்து என்னை ஒரு வழி ஆக்கிக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை தண்ணீர் வந்தது. குழாய் உடைப்பு, இனி மூன்று நாளைக்கு வராது என்று தெருவில் சொல்லிக்கொண்டு போனார்கள். குடம், அண்டா, வாளி எல்லாவற்றையும் நிரப்பினேன். அப்படியும் ஆத்திரம் தீராமல் டப்பைத் தேய்த்துக் கழுவி அதிலும் விளிம்பு வரைக்கும் பிடித்து வைத்தேன். இவ்வளவு பாடுபட்டு வாங்கியது தண்ணீர் பிடித்து வைக்கவாவது உதவட்டும் என்று இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்கு அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ‘டக்’ என்று சத்தம் கேட்டது. எத்தனையோ மாதமாகக் கேட்காத சத்தம். மீனைப் போட்டுவிட்டு ஓடினேன். குளியலறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தாழ்ப்பாள் போடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். திறங்கள் மாமி, விழுந்துவிடப் போகிறீர்கள் என்று கதவைத் தட்டினேன். மறுபடி தட்டக் கையை ஓங்கியபோது உள்ளே ஒரு மக்குத் தண்ணீர் விழுந்தது. அடுத்தது. அப்புறம் தலையில் விழும் சத்தம், கனமாக, ஒரே ஊற்றாக. கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன், வெட்கமாகத்தான் இருந்தது. தொழுகிற சேரை டப்பை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். டப்பின் விளிம்பு அவர் கைக்கு நேராக இருந்தது. குனிய வேண்டியதே இல்லை. ஒரு கை கம்பியில், ஒரு கையில் மக்கு.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, கோபம்தான். வாளியைத் தூக்கி ஒரு ஸ்டூல் மேல் வைத்திருந்தால் முதல் மாதமே இந்தக் கதை முடிந்திருக்கும். அதற்குப் பெரிய பைப்பு மூளை வேண்டாம், படித்த மூளையும் வேண்டாம். அவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவராவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கதவுப் பக்கத்திலேயே மீன் நாற்றத்தோடு நின்றேன். அந்த நேரம் பார்த்து உபைது அழைத்தார், அம்மா குளித்தார்களா என்று. டப்பில்தான் குளித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். நான் சொன்னேன் பார்த்தாயா என்று அவருக்கு ஒரே பெருமை. மிச்சத்தை அவர் லீவில் வரும்போது கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுபடி ‘டக்’. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தடியை ஊன்றி மாமி வெளியே வந்தார். சண்டைக்குத் தயாராக நின்றிருந்த என்னை நேராகப் பார்த்தார். அத்தனை மாதத்தில் அப்படிப் பார்த்தது அன்றுதான்.

“என்னயக் குளிப்பாட்டுற நாளு ஒண்ணு வரும். அன்னைக்கு நீதான் குளிப்பாட்டணும், வேற யாரையும் வுடாத. கற்பூரம் கடைசித் தண்ணியிலதான், ஞாபகம் வச்சிக்க. அதுவரைக்கும் எந் தாப்பாளத் தட்டாத.”

சொல்லிவிட்டுத் தொழப் போய்விட்டார். திறந்த வாயை மூடிக்கொண்டு, தரையைத் துடைக்க உள்ளே போனேன். டப்பில் தண்ணீர் இரண்டு வாளி அளவுதான் குறைந்திருந்தது.