என் பித்தப்பை நன்றாகத்தான் இருக்கிறது

எனக்குப் பித்தப்பையில் கல் என்று ஊருக்குச் சொன்னது மச்சாள்தான். மச்சாள் என்றால் என் கணவரின் மூத்த அக்கா. ஒப்பரேஷன் முடிந்து நான் தேற்றாத்தீவுக்கு வந்து சேருமுன்பே பெரியகல்லாற்றிலிருந்து இரண்டு பைகளோடு வந்து என் குசினி அடுப்பைக் கைப்பற்றியிருந்தார்.

என் பித்தப்பைக்கு ஒரு குறையும் இல்லை. நடந்தது வேறு. பல வருஷங்களுக்கு முன் புற்றுநோய்க்காக என் வலது மார்பை எடுத்தார்கள். எடுத்த இடத்தில் கொழும்பில் ஒரு சிலிக்கன் பையை வைத்தார்கள். சில காலம் அது சொன்னபடி கேட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கமக்கட்டுப் பக்கம் ஏறத் தொடங்கியது. கந்தோரில் மேசையில் குனிந்து எழுதினாலே வலி. வலப்பக்கம் சரிந்து படுத்துப் பல காலமாயிற்று. ஸ்கேன் பார்த்த டொக்டர், பை கசிகிறது, எடுத்துவிடுவோம் என்றார். எடுத்தாயிற்று. புற்றுநோய் திரும்பி வரவில்லை. கதை இவ்வளவுதான். சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

அந்த ஒரு நிமிஷத்தைத்தான் மச்சாள் எனக்குத் தரவில்லை.

"சொல்ற விசயமாகா அது? நெஞ்செண்டு சொன்னா, மறுகாலும் வந்திட்டு எண்டுதான் ஊர் கதைக்கும். கல்லு மாதிரி கிடக்கு எண்டு நீதானே போன்ல சொன்ன? அதத்தான் நானும் சொன்னன்."

"நான் பித்தப்பையச் சொல்லல்ல மச்சாள்."

"கல்லெண்டா கல்லுத்தானே."

என் கணவரிடம் முறையிட்டேன். "அக்கா நம்மட நல்லதுக்குத்தான் செய்வா" என்றார். சொன்ன கையோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். எங்கள் வீட்டில் எந்தப் பிரச்சினையும் மோட்டார் சைக்கிள் சத்தத்தோடுதான் முடியும்.

பார்க்க வந்தவர்கள் வாழைத்தண்டு கொண்டு வந்தார்கள். வாழைத்தண்டுச் சாறு சிறுநீரகக் கல்லுக்குக் குடிப்பது; பித்தப்பைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தால் எந்தக் கல், எங்கே இருந்த கல் என்று பேச்சு வளரும். மச்சாள் கண்ணால் என்னை அடக்கிவிட்டு, சாற்றைப் பிழிந்து கிளாசில் ஊற்றித் தருவார். இல்லாத கல்லுக்காக, வேறு இடத்துக் கல்லின் மருந்தை, வந்தவர்கள் முன்னால் நான் குடித்துக்காட்ட வேண்டும்.

என் பக்கவாட்டில், தோலுக்குள்ளிருந்து ஒரு குழாய் வந்து சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் முடிந்தது. காயத்து நீர் அதில்தான் வடியும். மச்சாள் பழைய சேலைத் துணியில் ஒரு பை தைத்து, அதற்குள் போத்தலைப் போட்டு என் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். யாராவது கேட்டால், "பித்தம் வடியுது" என்பார்.

எங்கள் ஒழுங்கை மூலைவீட்டுக்காரி ஒருநாள் வந்தாள். அவள் புருஷன் வாவியில் நண்டு பிடிப்பவர். ஒரு பை நிறைய உயிர் நண்டு கொண்டு வந்திருந்தாள்.

"கல்லக் காட்டுங்க அக்கா, பாப்பம். எங்கட மாமிக்கு எடுத்தத போத்தல்ல போட்டுத் தந்தவங்க."

"டெஸ்ட்டுக்கு அனுப்பியிரிக்காங்க" என்றார் மச்சாள், கொஞ்சமும் தடுமாறாமல். பிறகு நண்டுப் பையைப் பார்த்தார். "கல்லுக்காரிக்கு நண்டு கூடா, புள்ள. நாங்க தின்னுவம்."

காயம் ஆற மீனும் முட்டையும் நன்றாகச் சாப்பிடச் சொல்லி வாட்டு நேர்ஸ் அனுப்பியிருந்தார். அன்று மத்தியானம் நான் அறைக்குள் கஞ்சி குடித்தேன். குசினிப் பக்கமிருந்து நண்டுக் கால் உடைபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உடைத்தவர் என் கணவர்.

கிளினிக் நாள் வந்தது. ஓட்டோவில் மட்டக்களப்புக்குப் போனோம். "மெதுவாப் போ மனே, வயித்தில தையல்" என்று மச்சாள் ஓட்டோக்காரரிடமும் சொன்னார். ஒவ்வொரு பள்ளத்திலும் நான் நெஞ்சைப் பிடித்தேன். மச்சாள் என் கையை எடுத்து வயிற்றில் வைத்தார்.

ஆஸ்பத்திரியில் இருக்க இடமில்லை. "அக்கா, இஞ்ச வாங்க" என்று யாரோ நகர்ந்து இடம் தந்தார்கள். மூலைவீட்டுக்காரிதான். மாமியாரைப் பிரஷருக்குக் காட்டக் கூட்டி வந்திருக்கிறாள். மச்சாளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். வாழைத்தண்டைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம்.

அப்போதுதான் நேர்ஸ் கதவைத் திறந்து குரல் கொடுத்தார். "மார்பில வெச்ச சிலிக்கனை எடுத்த அம்மா ஆரு?"

நான் எழும்பப் போனேன். மச்சாள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். "பொறுகா. வேற ஆரும் இரிப்பாங்க."

"மார்பு சிலிக்கன்! வந்திரிக்காங்களா, இல்லயா?"

நான் எழும்பினேன். மூலைவீட்டுக்காரி என்னையும் மச்சாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப கல்லு?"

"அதையும் எடுத்த, இதையும் எடுத்த" என்றார் மச்சாள். "ரெண்டும் ஒரே மயக்கத்தில."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "கல்லுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல" என்று தொடங்கினேன். புற்றுநோய் வந்தது, மார்பை எடுத்தது, பை வைத்தது, அது இறுகிக் கசிந்தது, இப்போது அதையும் எடுத்தது, ஸ்கேனில் நோய் எதுவும் தெரியவில்லை என்பது, எல்லாம் சொன்னேன். என் குரல் எவ்வளவு உயர்ந்திருந்தது என்பது வரிசை முழுவதும் அமைதியான பிறகுதான் தெரிந்தது.

மூலைவீட்டுக்காரி என் பக்கம் திரும்பினாள். "அப்ப ஏன் என்ட நண்டத் தின்னல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் குழாய் இழுத்து உயிர் போகும். இழுத்தது. ஆனாலும் சிரித்தேன்.

உள்ளே டொக்டர் குழாயைக் கழற்றினார். கட்டைப் பிரித்து, "பாக்கிறீங்களா அம்மா?" என்றார். அதுவரை நான் பார்க்கவில்லை. குனிந்தேன். தட்டையாக, கொஞ்சம் சுருங்கிய தோல், குறுக்கே ஒரு கோடு. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். மூச்சுத்தான் வந்தது, அடிவயிறு வரைக்கும். இத்தனை வருஷம் அரை மூச்சோடுதான் இருந்திருக்கிறேன் போலும்.

எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பிய றிப்போட் வரவில்லை, அடுத்த கிழமை வாருங்கள் என்றார்கள். அடுத்த கிழமைக்குள் அந்த இடம் வீங்கிவிட்டது. உள்ளே நீர் சேர்ந்திருக்கிறது, சிலருக்கு இப்படி ஆகும், உங்கள் பிழையில்லை என்று சொல்லி டொக்டர் ஊசியால் இழுத்து எடுத்தார். வெளியே வந்ததும் மச்சாள், "தல முழுகாத எண்டன், கேட்டயா?" என்றார். டொக்டர் சொன்னதைச் சொன்னேன். "அந்தப் பொடியனுக்கு என்ன தெரியும்?" றிப்போட் அன்றும் வரவில்லை. அனுப்பிவிட்டோம் என்று ஒரு ஜன்னலில் சொன்னார்கள், வந்து சேரவில்லை என்று மற்ற ஜன்னலில் சொன்னார்கள். இரண்டு ஜன்னலுக்கும் நடுவே நான் நடந்தேன்.

ஒருவழியாக அது வந்தபோது என் கணவரும் லீவு போட்டுக்கொண்டு வந்திருந்தார். கெட்டது எதுவும் இல்லை. காயம் நன்றாக ஆறிய பிறகு விரும்பினால் வேறு பை வைக்கலாம் என்றார் டொக்டர், இவரைப் பார்த்து. இவர் என்னைக் காட்டி, "அவவக் கேளுங்க டொக்டர், அவட உடம்பு" என்றார். இத்தனை கிழமைகளில் அந்த மனிதர் வாயிலிருந்து வந்த உருப்படியான முதல் பேச்சு.

"வேண்டாம்" என்றேன்.

அன்று மத்தியானம் வலப்பக்கம் சரிந்து படுத்து நன்றாகத் தூங்கினேன். மச்சாள் இரண்டு தடவை வந்து எழுப்பி, அந்தப் பக்கம் படுக்கக் கூடாது என்றார்.

மச்சாள் ஊருக்குப் போகும் நாளில் பஸ் ஹோல்ட்டுக்கு நானும் போனேன். அங்கே நின்ற ஒரு பெண் என் சுகம் விசாரித்தாள். நான் பதில் சொல்லுமுன் மச்சாள் தொடங்கிவிட்டார்.

"நெஞ்சில வெச்ச பையொண்டு பழுதாப் போச்சு, எடுத்தாச்சு. நோய் வருத்தம் ஒண்டும் இல்ல. இதில மறைக்க என்னகா இரிக்கு? ஆக்கள்தான் சும்மா கல்லு அது இதெண்டு கதைக்கிறாங்க."

பஸ் வருவது தெரிந்தது. மச்சாளின் பையை எடுக்கக் குனிந்தேன். அவர் வெடுக்கென்று பிடுங்கினார்.

"நீ தூக்காத!"

தூக்கலாம் என்று டொக்டர் சொல்லி ஒரு கிழமை ஆகியிருந்தது. அதைச் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது.