வேப்பங்கட்டையில் கருப்புக் கறை

ஒரகடம் பக்கத்து மரப்பெட்டி கம்பெனிகளும் மர மில்களும் சேர்ந்து வருஷா வருஷம் மரத்திருவிழா நடத்துகிறோம். கிளை கழிப்பது, கட்டை அறுப்பது, செயின் ரம்பத்தால் சிற்பம் செதுக்குவது என்று மூன்று போட்டி. நான் முதல் தடவை சிற்பத்துக்குப் பேர் கொடுத்தபோது, பெட்டிக்கு முத்திரை குத்தும் மேசையில் இருந்தேன். ரம்பம் ஓட்டப் பழகியிருந்தேன். ஆனால் ஆபரேட்டர் வேலை கேட்டால் சூப்பர்வைசர் தாமஸ் சார் சிரிப்பார்.

"இன்னா எஸ்தரு, ரம்பந்தானே வோணும்? திருவிழாவுல ப்ரைஸ் வாங்கிகினு வா, தர்றேன்."

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது.

ஒரு மணி நேரத்தில் ஆந்தை செதுக்க வேண்டும். ரோடு அகலப்படுத்த வெட்டிய வேப்பமரங்களைத் துண்டு போட்டு நிறுத்தியிருந்தார்கள். முக்கால் மணியில் என் ஆந்தைக்குக் கண்ணும் அலகும் வந்துவிட்டன. கூட்டம் என்னைச் சுற்றித்தான் நின்றது. பொய் சொல்வானேன், எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூச்சு வாங்க நிமிர்ந்தபோது பக்கத்துக் கட்டை கண்ணில் பட்டது. அதைச் செதுக்கியவர் சுங்குவார்சத்திரம் மில்காரர் வேலு. அவர் அப்போதுதான் சீவிய இடத்தில் மை கொட்டியது போல நீலக்கருப்புக் கறை. உள்ளே இரும்பு இருந்தால்தான் மரம் அப்படிக் கறுக்கும். ரோட்டோர மரமாயிற்றே, போர்டு மாட்ட யாரோ அடித்த ஆணியை முழுங்கியிருக்கும். ரம்பம் அதில் பட்டால் செயின் அறுந்து ஆளையே அடிக்கும்.

கத்தினேன், கேட்கவில்லை. என் ரம்பத்தை அணைத்துவிட்டு ஓடி, அவர் எதிரே நின்று கையை ஆட்டினேன். நிறுத்தினார்.

"இன்னாம்மா, தோத்துருவன்னு பயமா?"

"உள்ள ஆணி கீதுண்ணே. உளியக் குடுங்க."

அவர் நம்பவில்லை. நானே தோண்டினேன். விரல் நீள ஆணி நாலு வந்தது. வேலு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் திரும்புவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். என் ஆந்தைக்கு ஒரு பக்கம் இறக்கையே இல்லை, பரிசும் இல்லை. வீட்டுக்குப் போய் அழுதேன்.

திங்கட்கிழமை போனால் முத்திரை மேசையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். இந்த வேலையும் போச்சா என்று வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"அங்க இன்னா நின்னுகினு கீற? ரம்பத்தாண்ட போ" என்றார் தாமஸ் சார்.

"ப்ரைஸ் வாங்கலியே சார்?"

"ப்ரைஸு வருஷா வருஷம் யாராவது வாங்குறான். நம்ம ஆளுங்க அத்தினி பேர் அங்க நின்னாங்க, நானுந்தான் நின்னேன். ஒருத்தன் கண்ணுலயும் அந்தக் கறை படலியே!"

இன்று எங்கள் கம்பெனி ஆபரேட்டர்களில் நான்தான் சீனியர். பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். புதிதாக ரம்பம் எடுக்கிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: முதலில் உங்கள் கட்டையைச் சுற்றிப் பாருங்கள். அப்படியே பக்கத்து ஆளின் கட்டையையும் ஒரு பார்வை பாருங்கள்.