ஐல்சாவுக்கு ஒரு நடுப்பெயர்

வடக்கு ஸ்காட்லாந்தின் அந்தக் கடலோர ஊரில் பனி கொட்டினால் முதலில் எழுந்திருப்பவள் வில்மா மோவட்தான். இருபத்தாறு வருஷமாகப் பனி வழிக்கும் லாரி ஓட்டுகிறாள். கல்யாணம், பிள்ளை குட்டி எதுவும் இல்லை. போன மாதம் ஒரு காலையில், பிரசவ வலியெடுத்த ஷோனாவை ஏற்றிய ஆம்புலன்ஸுக்கு முன்னால் நாற்பது மைல் பனியை வழித்துக்கொண்டே போனாள்.

இன்று ஷோனா கைக்குழந்தையோடு வில்மாவின் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்குப் பேர் பதியணும்க்கா. ஐல்சா மோவட் சின்க்ளேர். உங்க குடும்பப் பேர்தான் நடுப்பேர்."

உதவியவரின் குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு நடுப்பெயராக வைப்பது அங்கே உள்ள வழக்கம்தான். ஆனாலும் வில்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"வேண்டாம்மா. ஆம்புலன்ஸ்காரர் பேரை வையி."

"அவர் பேரு ராம்ஸ்பாட்டம். எழுதப் பழகுறதுக்குள்ள இவளுக்குக் கல்யாண வயசு வந்துடும்."

வில்மா சிரிக்கவில்லை. அவள் அப்பா ஊரறிந்த ஆட்டுத் திருடன். பள்ளிக்கூடத்தில் ஒரு பென்சில் காணாமல் போனாலும் முதலில் கவிழ்த்துக் கொட்டியது இவள் பையைத்தான்.

"அந்தப் பேரு என்னோட போகட்டும். பச்சப்புள்ள தலையில கட்டாதே."

"எங்க தாத்தா ஆட்டையும் உங்கப்பாதான் ஓட்டிட்டுப் போனாராம். தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்குற?"

"அன்னைக்கு வலியில நான் கத்தும்போதெல்லாம் ராம்ஸ்பாட்டம், 'மோவட் முன்னால போறா, பயப்படாதே'ன்னார். அந்தப் பேரைப் பிடிச்சுக்கிட்டுத்தான்க்கா நான் உயிரோட கிடந்தேன்."

வில்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அங்கெல்லாம் பிள்ளையைத் திட்டும்போதுதானே நடுப்பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவார்கள்? ஊர் காதில் அது எப்படி விழுகிறது என்று பார்த்துவிடலாம். ஷோனா குழந்தையை வில்மாவின் மடியில் போட்டுவிட்டு, பின்கதவைத் திறந்து தெருவே அதிரக் கத்தினாள்.

"ஐல்சா மோவட்! உள்ள வாடி!"

பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஹாரல்டு வீட்டுக் கிழவி திரும்பிப் பார்த்தாள். "யாரு வீட்டுப் புள்ளடி அது?"

"எங்க வீட்டுப் புள்ளதான்!"

"நல்லா கணீர்னு இருக்கு. கடல் வரைக்கும் கேக்கும்."

கிழவி அடுத்த துணியை உதறப் போய்விட்டாள். ஆட்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

குழந்தை வில்மாவின் கட்டைவிரலைப் பற்றியிருந்தது. அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"இது என்ன திட்டு? கொஞ்சுற மாதிரி இருக்கு. இவ சன்னல் கண்ணாடியை உடைச்சுட்டாள்னு வெச்சுக்க. இன்னொரு தடவை கூப்பிடு பாப்போம்."