சீமாட்டியின் இடது புருவம்

சாத்தூரைத் தாண்டிவிட்டதாக பிரேமலதா மேடம் போனில் சொன்னபோது பூவனநாதன் பொம்மையின் புருவத்தைத் தேடிக்கொண்டிருந்தார். வலது புருவம் முகத்தில் இருந்தது. இடது புருவம் அவர் கையிலிருந்த பஞ்சில் இருந்தது.

கோவில்பட்டியில் பழைய தையல் மெஷினும் பீங்கான் பொம்மையும் வாங்கி விற்கிற ஆள் அவர் ஒருத்தர்தான். அதெல்லாம் ஒரு பிழைப்பு என்று வேறு யாருக்கும் தோன்றாததால் போட்டி இல்லை. மற்றவர்கள் துக்க வீட்டுக்கு ஓடுவதுபோல, எங்காவது பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்றால் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஓடுவார். குடை பிடித்த இந்தப் பீங்கான் சீமாட்டியும் கடம்பூரில் இடிபட்ட ஒரு வீட்டிலிருந்து வந்தவள்தான். பாவாடை ஓரம் அப்பளத்தைவிட மெல்லிசு. பூவனநாதனின் வீடு கரிசல் மண்ணில் கட்டியது; கோடையில் தரை பிளந்து அலமாரி ஒரு பக்கமாகச் சாயும் என்பதால், அவளைத் தரையிலேயே, தீக்குச்சிக் கழிவு நிரப்பிய தகர டப்பாவுக்குள் உட்கார வைத்திருந்தார்.

அத்தனை பத்திரம் எதற்கென்றால், அவர் பேர் ஏற்கெனவே ஒருமுறை உடைந்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கைமெஷினுக்கு வேறு மெஷினின் சக்கரத்தை மாட்டி, வாய் திறக்காமல் விற்றுவிட்டார். வாங்கியவர் அதைப் படம் பிடித்து, பழம்பொருள் சேர்க்கிறவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டார். குழுவை நடத்துகிற பிரேமலதா மறுநாளே பூவனநாதனை நீக்கினார். அதன் பிறகு அவர் போனை எவரும் எடுக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி அனுப்பிய சீமாட்டியின் படத்தைப் பார்த்துத்தான் இன்று மதுரையிலிருந்து மேடமே வருகிறார். படத்தில் இருக்கிறபடியே இருந்தால் மட்டும்தான் பேச்சு என்று சொல்லியிருந்தார்.

படத்தில் சீமாட்டிக்கு இரண்டு புருவம். பொட்டு இல்லை.

பொட்டில்தான் வினை தொடங்கியது. நேற்று வெள்ளிக்கிழமை, விளக்கேற்ற வந்த அவர் மனைவி யோகலட்சுமி டப்பாவுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். மகளின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து நெற்றியில் ஒரு சொட்டு வைத்துவிட்டாள். காலையில் கேட்டதற்கு, “விளக்கு வைக்கிற வீட்டுல ஒரு பொம்பள வெறும் நெத்தியோட உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?” என்றாள். அவர் மெஷினில் பிசுக்கு எடுக்கிற தின்னரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தார். பொட்டு போனது, கூடவே புருவமும் போனது.

“நகத்தால சுரண்டியிருந்தாலே உரிஞ்சு வந்திருக்குமே” என்றாள் யோகலட்சுமி. இதைச் சொல்ல இந்த நேரம்தான் கிடைத்ததா என்று அவருக்கு அழுகை வந்தது. அவள் அசரவில்லை. கண் மை டப்பாவைத் திறந்து, தீக்குச்சி முனையால் தொட்டு, ஒரே இழுப்பில் புருவம் வரைந்தாள். வலது புருவம்தான் இப்போது போலிபோலத் தெரிந்தது. அவர் மூச்சு விடுவதற்குள் வாசலில் கார் நின்றது.

பிரேமலதா முதலில் பக்கத்தில் விற்பனைக்கு இருந்த இன்னொரு கைமெஷினைப் பார்த்தார். சக்கரத்தைச் சுற்றினார், நிறுத்தினார், மறுபடி சுற்றினார். மெஷினில் குறை ஒன்றுமில்லை. பிறகு சீமாட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாவாடை, குடை, விரல்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். இடது புருவத்தில் தூசி என்று நினைத்தாரோ என்னவோ, மேடம் கட்டைவிரலை நீட்டினார்.

“மேடம், தொட்டுராதீங்க. அது கண் மை.”

சொன்ன பிறகுதான், சொன்னது தான் என்பதே அவருக்கு உறைத்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது? தின்னர், பஞ்சு எல்லாவற்றையும் சொன்னார். அடுப்படியிலிருந்து யோகலட்சுமி குரல் கொடுத்தாள்: “பொட்டு நான் வச்சது மேடம். புருவந்தான் அவிய அழிச்சது.”

பிரேமலதா சிரிக்கவில்லை. “நான் பாத்த படம் இது இல்லையே” என்று சீமாட்டியைக் கீழே வைத்தார். மெஷினை மட்டும் எடுத்துக்கொண்டார். பூவனநாதன் அதைப் பஞ்சு வைத்துக் கட்டிக்கொடுத்தார். குழுவைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. போனைக் கவிழ்த்து வைப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார். நாலு மணிக்கு அது ஒருமுறை அதிர்ந்தது. குழுவில் சேர்த்திருந்தார்கள். கைமெஷினின் படம், கீழே பிரேமலதாவின் ஒரு வரி: ‘கோவில்பட்டி பூவனநாதன். கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார்.’

மூன்று தடவை படித்துவிட்டு உள்ளே ஓடினார். யோகலட்சுமி சாமி படங்களுக்குப் பக்கத்தில் சீமாட்டியை நிறுத்தி, நெற்றியில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டாள்.

“ஸ்டிக்கர்தான். உரிச்சா வந்துரும்.”

அவர் குனிந்து பார்த்தார்.

“கோணலா இருக்குட்டி. நேரா வை.”