திரேசா சொன்ன உதாரணம்

திரேசாவை மடக்குவதற்கென்றே ஒரு கேள்வியை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் சிவா தொலைபேசியில் அழைத்தார். “மாஸ்ரர், திரேசா அக்கா மோசம் போயிட்டா. விடிய எழும்பேல்லையாம்.” இந்தக் கேள்வியை இனி யாரிடம் கேட்பது என்பதுதான் எனக்கு முதலில் வந்த எண்ணம். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அவரை அறிந்த உங்களிடம் எதை ஒளிப்பது?

கனடாவின் மார்க்கம் நகரில், நூலக அறையொன்றில், ஞாயிறுதோறும் கூடும் எங்கள் வாசிப்பு வட்டம் உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டு வருடமாக நவபிளேட்டோனிசத்தின் தொடக்கத்தைப் படித்தோம். பழைய அலெக்சாந்திரியாவில் கிரேக்கத் தத்துவம் எப்படி ‘ஒன்று’ எனும் பரம்பொருளைத் தேடும் ஞானமாயிற்று என்பதுதான் பாடம். நடத்தியவன் நான், ஊரில் மெய்யியல் பட்டம் எடுத்து, முப்பது வருடம் படிப்பித்தவன். திரேசா மன்னார்க்காரர். ஒஷாவாவில் பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டியவர். பஸ்ஸில் போய்வரும் நேரத்தில் கிரேக்கம் படித்தார். அவருக்குக் கிரேக்கம் வந்தது, எனக்கு வரவில்லை. இதற்குமேல் நான் என்ன விளக்க?

ஒருநாள் அந்த ‘ஒன்றை’ முக்கால் மணித்தியாலம் விளக்கினேன். எல்லாம் அதிலிருந்தே பெருகுகிறது, ஆனாலும் அது குறைவதில்லை என்றேன். சிவா தலையைச் சொறிந்தார். “அள்ளி அள்ளிக் குடுத்தால் முடிஞ்சு போகாதோ, மாஸ்ரர்?” நான் வாயைத் திறக்குமுன் திரேசா சொன்னார்: “நான் உனக்கு ஒரு பாட்டுச் சொல்லித் தந்தால், எனக்கு அந்தப் பாட்டு இல்லாமப் போகுமோ, சிவா?” எல்லோருக்கும் விளங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போதுதான் விளங்கியது. வயிறு எரிந்தது.

அந்தக் கிழமையே பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதினேன். பாட்டு உதாரணத்தைப் போட்டேன், அவர் பெயரைப் போடவில்லை. மறந்துபோய் அல்ல. றிச்மண்ட் ஹில் கோயிலில் ஒருவர் கையைப் பிடித்து, “மாஸ்ரர், அந்தப் பாட்டு விசயம் அந்த மாதிரி” என்றார். அந்தப் பாராட்டைச் சிரித்தபடி வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு திரேசா கட்டுரையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அன்றைய பாடம், அந்தத் தத்துவத்துக்கு வித்திட்ட ஆசானைப் பற்றியது. அவர் மூட்டை சுமந்தவர் என்பார்கள். ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. அவர் சொன்னதை வெளியில் விடுவதில்லை என்று மாணவர் மூவர் தங்களுக்குள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் மீறினார், பின் மற்றவர்களும் மீறினார்கள். “முதல் மீறினவன்ர மனசு என்ன பாடுபட்டிருக்கும்,” என்றார் திரேசா. “எண்டாலும் அவங்கள் மீறாட்டி எங்கட கைக்கு ஒண்டும் வந்திராது. பாவம், விடுங்கோ.” என்னைத்தான் சொன்னாரா? கேட்கத் துணிவில்லை. மன்னித்துவிட்டாரோ என்ற நினைப்பு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அவரை மடக்கக் கேள்விகள் தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அடக்கம் முடிந்ததும் அவருடைய மகள் மரியா என் கட்டுரைத் துண்டோடு வந்தாள். “அங்கிள், அம்மா இதை ஃபிரிட்ஜில ஒட்டி வச்சிருந்தா. வாற ஆக்களுக்கெல்லாம் காட்டுவா. ஷீ வாஸ் ஸோ ப்ரவுட் ஒஃப் யூ. முப்பத்தோராம் நாள் நினைவு மலரில இந்தப் பாட்டுப் பகுதியை முதல் பக்கத்தில போடட்டா? உங்கட பேரோட?”

“ஓம், போடுங்கோ” என்றேன். வாய் பழகிவிட்டது. கார் வரை போனேன். திரும்பிப் போய் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் அதே மலருக்கு இதை எழுதுகிறேன்.

மரியா, அதை முதல் பக்கத்திலேயே போடு. கீழே உன் அம்மாவின் பெயரைப் போடு. அந்தக் கட்டுரையில் உயிருள்ள வரி அது ஒன்றுதான், அது அவருடையது. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவர்மேல் கொண்ட பொறாமையை. அவ்வளவு நல்ல ஒருவரைப் பார்த்துப் பொறாமைப்பட இனி எனக்கு யார் இருக்கிறார்கள்?