மழைத்தண்ணி மாமா

அம்மாவின் தம்பி ஜேர்மனியில் பல ஆண்டுகள் குழாய் வேலை செய்துவிட்டு, எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது லண்டனுக்கு வந்தார். மோர்டனில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில்தான் தங்கினார். குடிக்கிற தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றிக் கழுவுகிற ஊர் உருப்படாது என்பது அவருடைய கருத்து. சாப்பாட்டு மேசையிலும் அதையே சொல்வார். அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு தொலைக்காட்சி முன் போய்விடுவார்.

மாமா முதலில் எங்கள் வீட்டில்தான் செய்து காட்டினார். கூரைப் பீலியில் வழிந்த மழை நீர் தோட்டத்தில் ஒரு பெரிய தாங்கியில் சேர்ந்தது. அங்கிருந்து சிறு மோட்டார் ஒன்று அதைக் கழிப்பறைக்கு ஏற்றியது. சில நாட்களில் தண்ணீர் வெளிறிய தேநீர் போல வரும். நான் முகம் சுளித்தேன். "இலை ஊறின நிறம், பிள்ளை. ஊத்தை இல்லை," என்றார்.

அடுத்த கோடையில் மழை பொய்த்துப்போய், தோட்டத்துக்குக் குழாய் பிடிக்கக் கூடாதென்று தடை வந்தது. அதுவரை மாமாவைப் பார்த்துச் சிரித்தவர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். பக்கத்திலுள்ள மிச்சம் என்ற ஊரில் சாப்பாட்டுக் கடை திறக்கவிருந்த அப்பாவின் சிநேகிதர் வீடு தேடியே வந்தார்.

"அண்ணை, என்ரை கடைக்கும் இதைப் பூட்டித் தாங்கோ. லண்டனிலை ஆரும் செய்யாத வேலையா இருக்கட்டும்."

மாமா வான் ஒன்று வாங்கி, அதன் பக்கத்தில் ஒரு பச்சை இலையும் ஒரு நீர்த்துளியும் வரைவித்தார். அம்மா அதற்குத் திருநீறு பூசினார்.

கடை திறப்புக்கு முன்தினம் மழை கொட்டியது. மாதக்கணக்கில் கூரையில் கிடந்த புழுதியெல்லாம் தாங்கிக்குள் இறங்கியது. நானும் கூடப் போயிருந்தேன். "ஒரு கிழமை பொறும் தம்பி. வடிகட்டி இன்னும் வந்து சேரேல்லை. அதுவரைக்கும் குழாய்த் தண்ணியையே விடுவம்," என்றார் மாமா. கடைக்காரர் கேட்கவில்லை. "எல்லாருக்கும் சொல்லிப்போட்டன் அண்ணை. மழைத்தண்ணியைப் பாக்கத்தானே சனம் வருது."

சனம் வந்தது. சாப்பாடு பாதியில் இருக்கும்போது, பட்டுச் சேலை கட்டிய ஒரு அன்ரி கழிப்பறையிலிருந்து ஓடி வந்தார்.

"ஐயோ, கக்கூஸ் தண்ணியையே திருப்பி விடுறாங்கள்!"

இடியப்பத்தைப் பிசைந்துகொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. மாமா மேசை மேசையாகப் போனார். "அது மழைத்தண்ணி. சமையலுக்கு வாறது வேறை பைப்," என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, எல்லோரும் குழம்பையே உற்றுப் பார்த்தார்கள். எனக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் அதைவிடப் பெரிய வேடிக்கை இருக்கவில்லை.

கடைசியில் மாமா கடைக்காரரைப் பார்த்தார். வடிகட்டி வரும்வரை மாமா பொறுக்கச் சொன்னதைக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "அண்ணையை நம்பிக் கெட்டுப்போனன்," என்றார் அவர், எல்லோருக்கும் கேட்கும்படி.

அந்த வாரமே கடையிலிருந்த குழாய்களைப் பிடுங்கிவிட்டார்கள். லூயிஷாம் கோயில் வரை கதை போனது. தங்கள் வீட்டுக்கும் செய்து தரக் கேட்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வேண்டாமென்றார்கள். 'மழைத்தண்ணி' என்பது மாமாவின் பெயராகிவிட்டது. வானை விற்றுவிட்டு, பெற்றோல் நிலையம் ஒன்றில் ஷிப்டுக்குப் போனார். நாள் முடியப்போகிற சிப்ஸ் பைகளைக் கொண்டுவருவார். எனக்கு அந்த வேலைதான் நல்ல வேலையாகத் தெரிந்தது.

ஒருநாள் எங்கள் வீட்டுத் தாங்கியையும் கழற்றத் தொடங்கினார்.

"இது நல்லாத்தானே வேலை செய்யுது, விடு தம்பி," என்று அம்மா கெஞ்சினார்.

"வேண்டாம் அக்கா. பிறகு ஆக்கள் உங்கடை வீட்டிலை தேத்தண்ணியும் குடிக்க மாட்டினம்."

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் சமையலறைக் குழாய் ஒழுகத் தொடங்கியது. மாமா அதைத் தொடவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. ஒரு வாளியை வைத்துச் சமாளித்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாய் வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவரை அம்மா கூப்பிட்டார். அவர் பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழே படுத்து வேலை செய்தபோது, மாமா மேசையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார்.

"மாமா இருக்கிறாரே, பிறகேன் வேறை ஆள்?" என்று கேட்டேன்.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். மாமா எழுந்து ஜக்கெற்றை மாட்டினார். "ஷிப்டுக்கு நேரமாச்சு அக்கா," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஞாயிறு அவருக்கு ஓய்வு நாள். நான் வாசலுக்கு ஓடினேன். "மாமா, இண்டைக்கு வேலை இல்லை!" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, அவர் தெருமுனையைத் தாண்டும்வரை இன்னும் இன்னும் உரக்கக் கத்திக்கொண்டு நின்றேன்.