பத்து மாதம் பொறுத்த கடவுள்

அரியலூரில் யார் இருமினாலும் பழி சிமெண்ட் லாரிகள் மேல்தான் விழும். என் கணவர் சாமுவேல் லாரிப் பட்டறையில் மெக்கானிக். வாரக்கணக்கில் அவர் இருமியபோது நாங்களும் தூசி என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு காலையில் சளியோடு ரத்தம் வந்தது. அவர் அவசரமாகக் கழுவிவிட்டு, "வெத்தல" என்றார். அவர் வெற்றிலை போடுகிறவர் இல்லை.

உள்ளூரில் காட்டினால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பெரம்பலூருக்கு பஸ் ஏறினோம். எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள். நுரையீரல் காசநோய் (காற்றில் பரவும் கிருமியால் வருவது, பரம்பரையும் அல்ல, சாபமும் அல்ல).

"ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாள்கூட விடக்கூடாது," என்றார் டாக்டர் அம்மா. "கொஞ்ச நாள்லயே நல்லாயிட்ட மாதிரி இருக்கும். அப்பதான் எல்லாரும் நிறுத்துவாங்க. நிறுத்துனா கிருமி மருந்துக்குப் பழகிடும். அப்புறம் இந்த மருந்து கேக்காது." மாத்திரைகளில் ஒன்று சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்.

நான் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கியதில்லை. யார் சொன்னாலும் பாதிதான் நம்புவேன். ஆகவே மாத்திரை போட்டதற்கு அத்தாட்சியாக அந்த நிறத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் பாத்ரூமுக்குப் போகும்போதெல்லாம், "தண்ணி ஊத்தாம வாங்க" என்பேன். "இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று தலையில் அடித்துக்கொள்வார். நிறத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

நான் ஆர்.சி., அதாவது கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். அவர் பெந்தெகொஸ்தே சபை. கல்யாணத்துக்குப் பிறகு நானும் அங்கேதான் போகிறேன். அங்கே ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. வேண்டியது கிடைத்த பிறகு எழுந்து சொல்வது ஒரு வகை. கிடைக்கும் முன்பே கிடைத்துவிட்டதாக நன்றி சொல்வது இன்னொரு வகை. அதைத்தான் பெரிய விசுவாசம் என்பார்கள்.

இருமல் அடங்கி, கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்ததும் ஒரு ஞாயிறு சாட்சி நேரத்தில் அவர் எழுந்து நின்றார். "தேவன் என்னைப் பூரணமா சுகமாக்கிட்டாரு. ஸ்தோத்திரம்!" கூடம் முழுக்க அல்லேலூயா. நானும் கைதட்டினேன்.

அதன் பிறகு பாத்ரூமில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நோய் வருவதற்கு முன்பு நான் எத்தனை திட்டினாலும் ஒரு சொம்பு ஊற்றாத மனிதர் அவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன். ஒரு நாள் மோட்டார் பழுதாகித் தொட்டி காய்ந்தது. அன்றைக்கு அவரால் எதையும் மறைக்க முடியவில்லை. நிறம் சாதாரணமாக இருந்தது.

"எத்தன நாளா?" என்றேன்.

"சாட்சி சொன்னதுலேருந்து. தேவனுக்கு நேத்து, நாளைன்னு கெடையாது, ரீட்டா. அவரு கண்ணுக்கு நான் சுகமாயிட்டேன். இனிமே மாத்திரை போட்டா அவரப் பொய்யராக்குனதாயிடும்."

"நம்ம பாப்பா உங்க மடியிலதான் உக்காருது. அதுவும் அவரு கண்ணுக்குத் தெரியுதா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார்.

தந்தை, மகன், தூய ஆவி. மூன்று ஆள், ஒரே கடவுள் என்று சின்ன வயதில் ஒப்பித்தவள் நான். தந்தை மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். எல்லாம் தெரிந்தும் சும்மா இருக்கிறாரே என்று. மகன் மேல் அவ்வளவு இல்லை. அவருக்கு உடம்பு இருந்தது, பசித்தது, வலித்தது. உயிர்த்து வந்தபோதும் ஆணித் தழும்பு போகவில்லை. உடம்பு என்றால் என்ன என்று அவருக்காவது தெரிந்திருக்கும்.

பாஸ்டர்தான் நிறுத்தச் சொல்லியிருப்பார் என்று சண்டைக்கே போனேன். "நான் அப்படிச் சொல்லலம்மா," என்றார். பைபிளை மூடி வைத்துவிட்டு, "போடுங்கன்னும் சொல்லல," என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை அவராகவே ஒப்புக்கொண்டதற்காக அவரை மன்னித்தேன்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன்.

"என் வீட்டுக்காரரு சுகமாயிட்டேன்னு சாட்சி சொன்னாரு. அன்னையிலேருந்து மாத்திரை போடல. சாட்சியக் காப்பாத்த உசுர விடப் பாக்கறாரு. இயேசப்பாவே ஒரு பொம்பள வயித்துல பத்து மாசம் இருந்துதான் பொறந்தாரு. தேவனே பொறுத்தாரு. இவரு ஆறு மாசம் பொறுக்க மாட்டேங்கறாரு. இவருக்காக ஜெபம் பண்ணுங்க."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டர் மைக்கை வாங்கி, "சிஸ்டர் சொல்றது சரி. அண்ணன் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்," என்றார். என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு இதை நான் வழியாகச் சொல்லவில்லை. நாலு பேர் நடுவே கட்டினவரின் மானத்தை வாங்கினேன். அன்று முழுக்க அழுதேன். ஆனால் மானம் திரும்பி வரும், நுரையீரல் வராது என்று அப்போது தோன்றியது.

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு எனக்கு முன்னே பஸ் ஸ்டாண்டில் நின்றார். பெரம்பலூர் நெருங்கும்போது, ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்:

"தேவன் நெனச்சிருந்தா ஒரே நாள்ல பொறந்திருக்கலாம்ல?"

"அதத்தான் நானும் கேக்கறேன்," என்றேன்.

கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதா என்று மறுபடி சளியைச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை நான் யாரிடமும் ஜெபிக்கவில்லை, கோபமாக இருந்தேன். பழகவில்லை என்றார் டாக்டர். மாத்திரையை முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை என் கணவரே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என் எதிரில் விழுங்கினார். குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று அவர் சிரித்தார். நான் எக்ஸ்ரேயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஏதோ எனக்குப் படிக்கத் தெரிந்ததுபோல.

வலது பக்க நுரையீரலில் தழும்பு இருக்கிறது. அது அப்படியே இருக்குமாம். வேகமாக மாடியேறினால் மூச்சு வாங்குகிறது. முன்பெல்லாம் எனக்கு ஒரு வருடம் என்றால் கிறிஸ்துமஸ் முதல் கிறிஸ்துமஸ் வரை. இப்போது ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்தது வரைதான் காலம். அதற்கு அப்பால் திட்டம் போட மனம் வருவதில்லை.

போன வாரம் பட்டறையிலிருந்து வந்து திரும்பி உட்கார்ந்து சட்டையைக் கழற்றினார். எனக்கு என்ன தோன்றியதோ, போய் அவர் முதுகில் காதை வைத்தேன்.

"இன்னும் சந்தேகமா?" என்றார்.

"ஆமா."

"யாரு மேல? என் மேலயா, தேவன் மேலயா?"

"ரெண்டு பேர் மேலயும்."

அவர் கோபிக்கவில்லை. "சரி, கேளு," என்று சொல்லி, எனக்காக மூச்சை ஆழமாக இழுத்தார்.